மேப்பிள் வில்லின் முதுகில் வாஷித் தாள்: காவலா, ஒப்பனையா?

ரொறன்ரோ_பொடியன்:
மேப்பிள் பலகையில ஒரு வில்லுச் செய்துகொண்டிருக்கிறன். நீளம் 68 அங்குலம். நாணை 28 அங்குலம் இழுக்க 35 பவுண்ட் விசை வரவேணும் எண்டு கணக்கு. பாதி இழுவை வரைக்கும் டில்லர் பாத்தாச்சு, அதாவது ரெண்டு லிம்பும் (வில்லின்ர கைகள்) ஒரே மாதிரி வளையுதோ எண்டு பாத்துச் செதுக்கியாச்சு. ஒரு லிம்பில, கைபிடியில இருந்து ஒரு சாண் தள்ளி, மரத்தின்ர ரேகை சரிஞ்சு விளிம்பால வெளிய போகுது. அதுக்கு மேல அலை போட்ட ஜப்பான் வாஷித் தாள் ஒட்டப் போறன். பாக்கவும் வடிவு, முதுகுக்கும் (இலக்கைப் பாக்கிற பக்கம்) காவல். என்ன சொல்லுறியள்?

இழைப்புளி:
தம்பி, அழகுக்கு ஒட்டுங்க, தாராளமா. காவல்னு நம்பி ஒட்டாதீங்க. நாண் இழுக்கும்போது வில்லோட முதுகு நீளும், வயிறு (நம்மைப் பாக்கற பக்கம்) அமுங்கும். ரேகை விளிம்பால வெளிய போற இடத்துலதான் முதல் சிராய் கிளம்பும். அங்க ஒரு தாளை ஒட்டிட்டா மரத்துக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான் தெரியாமப் போகும். நாலு வருஷம் முன்னாடி நானும் பழுப்புத் தாள் ஒட்டி ஒரு வில் செஞ்சேன். தாளுக்கு அடியில தலைமுடி மாதிரி ஒரு கோடு. பசை சுருக்கம்னு விட்டுட்டேன். மூணாம் நாள் மேல் லிம்ப் பிய்ஞ்சு போய் மின்விசிறியில அடிச்சுது. விசிறி இறக்கை இன்னும் கோணல்தான்.

நாணொலி:
அண்ணா, உங்க விசிறிக் கதையை இதோட மூணாவது தடவை கேக்கறேன் :) கோட்டைப் பார்த்தும் இழுத்தது நீங்க, பழி மட்டும் தாளுக்கா?

தாள் வில்லுக்குப் பலம் கூட்டும்னு நான் சொல்லல. முழு இழுவையில முதுகு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் நீளுது. நல்ல நார்த் தாள் கிழியாம அந்த அளவுக்கு நீளும். அதனால சிராய் தலைதூக்கற இடத்துல அதை அமுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. மளிகைக் கடைப் பழுப்புப் பையை ஒட்டறது வட அமெரிக்காவுல வில் செய்றவங்க கையில ரொம்ப நாளா இருக்கற பழக்கம். வாஷி இன்னும் மேல், கோசோ மரப்பட்டை நார் நீளமானது.

இழைப்புளி:
கோசோ நார் சரி. ஆனா பூப்போட்டு விக்கற தாள்ல பல மெஷின்ல ஓட்டினது. அதுக்கும் ரேகை உண்டு. ஓரத்துல கிழிச்சுப் பாருங்க. நேரா கிழியற திசை வில்லோட நீளவாட்டுல வரணும். குறுக்க ஒட்டினா நீங்க சொல்ற அந்த அமுக்கற வேலையையும் செய்யாது. அலை அழகா வரணும்னு தம்பி குறுக்கதான் வெட்டுவார், பாருங்க.

நாணொலி:
இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கறேன். கூடவே: முதுகோட ரெண்டு விளிம்பையும் உப்புத்தாளால உருட்டிட்டு, தாளைப் பக்கவாட்டுல கொஞ்சம் மடிச்சு ஒட்டணும். கூர் விளிம்புலதான் சிராய் ஆரம்பிக்கும். எண்ணெய், மெழுகு எதுவும் அதுக்கு முன்னாடி படக்கூடாது. பசையில இருக்கற தண்ணி மரத்துல இறங்கும், ரெண்டு மூணு நாள் காயவிடுங்க. அப்புறம் செதுக்கறதெல்லாம் வயித்துப் பக்கம் மட்டும்.

கொரியாக்காரங்க கொம்பு வில்லுக்கே மேல பிர்ச் பட்டை ஒட்டறாங்களே, அது என்ன ஒப்பனையா?

இழைப்புளி:
அந்தப் பட்டைக்கு அடியில தசைநார் இருக்கும்மா. இழுவையைத் தாங்கறது அது. பட்டை ஈரம் படாம இருக்க. நீங்களே எனக்கு சாட்சி சொல்றீங்க. 1545-ல முழுகின மேரி ரோஸ்ங்கற இங்கிலாந்துப் போர்க்கப்பல்ல எடுத்த யூ மர வில்லுகளுக்கு மேல ஒண்ணும் ஒட்டல. மரத்தோட வெளி வெள்ளைப் பகுதியையே முதுகா விட்டிருக்காங்க. மரம் சரியா இருந்தா போர்வை எதுக்கு?

நாணொலி:
யூ மரம் கிடைச்சா நானும் ஒட்டமாட்டேன். இவர் கையில இருக்கறது கடைப் பலகை. பொடியன், எங்க சண்டையை விடுங்க. தாள் ஒட்டறதுக்கு முன்னாடி, வெறும் மரமா, 20 அங்குலம் வரைக்கும் கயித்துல இழுத்துப் பாருங்க. நேரா எதிர்ல நிக்காதீங்க.

ரொறன்ரோ_பொடியன்:
இழுத்தனான். 19இல "டிக்" எண்டு ஒரு சத்தம். சொன்ன இடத்திலயேதான், நகக்கண் அளவு சிராய் எழும்பி நிக்குது. அக்கா, இப்ப என்ன செய்ய?

நாணொலி:
தண்ணி மாதிரி இருக்கற சூப்பர் குளூவை அடியில விட்டு, அமுக்கிக் காயவச்சு, அந்த இடத்தைச் சுத்தி லினன் நூல் நெருக்கமா சுத்துங்க. இழுவையை 25 பவுண்டுக்குக் குறைச்சுக்குங்க. மேல தாள் ஒட்டலாம்.

இழைப்புளி:
அந்த வில்லை அடுப்புல வைங்க. தாளைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு, ரேகை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நேரா ஓடற பலகையா பொறுக்கி எடுங்க. கடைக்காரன் முறைச்சாலும் பரவாயில்ல, அடுக்கையே கலைச்சுப் பாருங்க.

ரொறன்ரோ_பொடியன்:
தாள் ஒண்டுக்கே 14 டொலர் குடுத்தனான், அது பத்திரமா இருக்கும். சனிக்கிழமை பலகை பாக்கப் போறன். பழைய வில்லுக்கு நூல் சுத்தி மருமோனுக்குக் குடுக்கலாமோ, இல்லாட்டி அவனுக்கும் மேல மின்விசிறி இருக்கோ எண்டு பாக்கவேணும்.

நாணொலி:
மருமகனுக்கு வேண்டவே வேண்டாம். அதுல அண்ணன் பக்கம்தான் நானும்.