மறு: டெட்ஹெடிங் – "தலைநீக்கம்" வேண்டாமே

வணக்கம்.

பாடசாலைப் பூந்தோட்டக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது டெட்ஹெடிங் (deadheading) என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் ஐந்தாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன் என்று போன வாரம் இந்தக் குழுவுக்கு எழுதியிருந்தேன். வாடின பூவைச் செடியில் விடாமல் எடுத்துவிடும் வேலை, அதுதான் டெட்ஹெடிங். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் போடுகிறேன். நுவரெலியாவில் நான்கு நாளாக மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதுதான் பிந்திவிட்டது.

> தலைநீக்கம் என்றே வைக்கலாம். பொருள் உடனே விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் தப்பாக விளங்கும். "டேலியாவுக்குத் தலைநீக்கம் செய்" என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை செடியின் உச்சியை வெட்டிவிட்டு வந்து நிற்கும். உச்சியைக் கிள்ளுவது வேறு வேலை. பக்கக்கிளை அடிக்கட்டும் என்று செடி சின்னதாக இருக்கும்போதே செய்வது. பூவைத் தலை என்று தமிழில் யார் சொல்கிறார்கள்? பூ தலையில் வைக்கிற சாமான்.

> கவ்வாத்து என்ற சொல் மலையகத்தின் கையிலேயே இருக்கிறதே?

இருக்கிறது அக்கா, அதனால்தான் பயமாக இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கவ்வாத்து என்றால் சில வருஷத்துக்கு ஒரு தரம் தேயிலையைக் கத்தியால் மொட்டையடிப்பது. கவ்வாத்து முடிந்த மலை வெறும் குச்சியாக நிற்கும், மறுபடி கொழுந்து எடுக்க மாதக்கணக்காகும். இரண்டு விரலால் செய்யும் வேலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் எங்கள் பாடசாலையில் ஒரு பூச்செடி மிஞ்சாது. பாடப்புத்தகத்துக் கத்தரித்தலும் பெரிய வேலைதான். ரோஜாவுக்கும் வேலிக்கும் அது இருக்கட்டும்.

சொல்லுக்கு முன்னால் வேலையைப் பார்த்துவிடுவோம். இன்று காலை மழை விட்ட நேரத்தில் டேலியாப் பாத்திக்குப் போனேன். தெரியாதவருக்கு மொட்டும் வாடின பூவும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் பச்சையாக மூடிக்கொண்டு நிற்கும். தொட்டால்தான் தெரியும். மொட்டு உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். இதழ் கொட்டின பூ கூம்பிப்போய் நுனி கூராக இருக்கும், அமுக்கினால் மழைத்தண்ணி பிசுபிசு என்று விரலில் வழியும். அதை மட்டும் கிள்ளினால் போதாது, வெறும் காம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த இலைச்சோடி வரைக்கும் இறங்கி வெட்ட வேண்டும். ரோஜாவிலும் ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலேதான் வெட்டு. அசேலியாவுக்கோ கத்தியே ஆகாது: வாடின கொத்துக்கு அடியிலேயே அடுத்த தளிர் உட்கார்ந்திருக்கும், விரலால் பக்குவமாக ஒடிக்க வேண்டும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூ காயானால் செடியின் சத்து விதைக்குப் போகும், புதுப் பூ குறையும். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் இதழ் காயாது, அழுகும். அழுகின இதழ் இலையில் ஒட்டினால் அங்கே சாம்பல் நிறத்தில் பங்கசு பிடிக்கும். (தமிழ்நாட்டு அன்பர்களுக்கு: பூஞ்சையைத்தான் நாங்கள் பங்கசு என்கிறோம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அதே மாதங்களில் பண்டாரவளையில் அக்காவின் முற்றத்தில் வறண்ட காற்று, பூ செடியிலேயே காகிதமாகிவிடும். "உலர்பூ நீக்கல்" என்று அவர் எழுதியதன் நியாயம் அங்கே நின்றால் தெரியும். இங்கே உலரும்வரை காத்திருந்தால் செடி போய்விடும்.

> பூவின் பருவங்களுக்குப் பழந்தமிழில் இல்லாத சொல்லா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். வாடிய பூதான் செம்மல், செம்மல் களைதல் என்போம்.

ஆசைதான் ஐயா. ஆனால் செம்மல் என்றதும் எங்கள் ஆட்களுக்குப் பொன்மனச் செம்மல் நினைவுதான் வரும். எம்.ஜி.ஆர். கண்டி மாவட்டத்தில் பிறந்தவர் வேறு. "செம்மலைக் களையுங்கள்" என்று கையேட்டில் எழுதிவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியாது. "வீ" அழகான சொல், ஆனால் உதிர்ந்த பூவுக்கு உரியது. நமக்கு வேண்டியது உதிராமல் தொங்குவதன் பெயர். நிர்மாலியம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாமிக்குச் சாத்திக் களைந்த பூ அது. செடிக்குப் பொருந்தாது, பாடசாலையில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

சரி, என் பங்குக்கு. வினைக்கு "எடுத்தல்" போதும் என்று நினைக்கிறேன். கொழுந்து எடுக்கிறோம், கிள்ளினாலும் வெட்டினாலும் ஒடித்தாலும் எடுப்பதுதான். பெயருக்கு முதலில் "வாடல்" என்று வைத்து, "வாடல் எடுத்தல்" என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. "உருளைக்கிழங்குக்கு வருமே, அந்த வாடலா?" என்று கேட்டார். வாடல் நோய் எனக்கு ஞாபகமே வரவில்லை. அதனால் "வாடுபூ எடுத்தல்" என்று மாற்றினேன். எப்படி?

நுவரெலியாவிலிருந்து

---

பிள்ளை,

வாடுபூ நல்லது. வினைத்தொகை என்பதைக் கவனித்தீர்களோ தெரியாது. வாடிய பூ, வாடுகின்ற பூ, வாடும் பூ மூன்றும் அதற்குள் அடங்கும். முழுதாகக் கருகும்வரை நிற்காமல் நிறம் மங்கத் தொடங்கும்போதே எடுக்கவேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. செம்மலை மீளப் பெற்றுக்கொள்கிறேன், மனமில்லாமல்தான்.

ஒரு கேள்வி. விதைக்கு விடும் பூவை என்னவென்று சொல்வது? அதையும் பிள்ளைகள் எடுத்துவிட்டால்?

யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயா, வினைத்தொகை என்று யோசித்து வைக்கவில்லை, வாய்க்கு வந்தது. அந்த விளக்கத்தைக் கையேட்டில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

விதைக்கு விடுவதற்குப் புதுச் சொல் தேவைப்படாது, "விதைக்கு விட்ட பூ" என்று வீட்டில் சொல்வதே போதும். காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவோம். செவ்வந்தியில் பாத்திக்கு நான்கு பூ அப்படி விட்டால் அடுத்த போகத்துக்குக் காணும். ஹைட்ரேஞ்சியாவுக்குத் தனிக் குறிப்பு எழுதுகிறேன். அதன் பூ வாடாமல் பச்சையாகி நெடுநாள் நிற்கும். எடுப்பதானாலும் பருத்த மொட்டுச் சோடிக்கு மேலேதான். ஆழமாக வெட்டினால் அடுத்த பூவும் சேர்ந்து போகும், நான் ஒரு வருஷம் அப்படித்தான் வெட்டிவிட்டு வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் பக்கத்தில், செடியடி மண்ணை இலைதழையால் மூடுவதற்கு மூடாக்கா, பத்திரக்கலவையா என்று நிற்கிறேன். அதற்கு வேறு மடல் போடுகிறேன்.