பத்ரிநாத் நடை திறக்க நாள் குறிக்கிற டெஹ்ரி ராஜா, வெள்ளக்காரன் காலத்துல நெஜமாவே ராஜாவா இருந்தாரா?

சித்தூர்க்காரன்:
வணக்கம்ங்க. எங்கூரு பாலக்காட்டுப் பக்கத்து சித்தூர்ல இருந்து ஒரு வண்டி புடிச்சு பத்ரிநாத் போயிட்டு வந்தோம், அங்க பெரிய பூசாரி ராவல் கேரளத்து நம்பூதிரின்னு தெரிஞ்சதும் எங்க பெரியம்மாவுக்கு கண்ணே கலங்கிருச்சு. நடை திறக்கற நாள டெஹ்ரி ராஜா குடும்பம்தான் வசந்த பஞ்சமி அன்னிக்கு நரேந்திரநகர் அரண்மனைல குறிக்குதாம், அப்புறம் சுமங்கலிங்க கையால எள்ள ஆட்டி எண்ணெய குடத்துல ஊத்தி கோயிலுக்கு அனுப்பறாங்களாம். ஆனா பத்ரிநாத் இருந்தது பிரிட்டிஷ் கர்வால்ல, அதாவது கர்வால் மலைநாட்டுல வெள்ளக்காரன் நேரா ஆண்ட பக்கத்துலன்னு டிரைவர் சொல்றாரு. கோயிலுக்கு ஒருத்தர், மண்ணுக்கு இன்னொருத்தரா? எங்க தாத்தா பாலக்காட்டுக்காரங்கள பாத்து "நீங்க வெள்ளக்காரன் மலபாரு, நாங்க கொச்சி ராஜா பிரஜை"ன்னு பெருமையா சொல்லுவாரு, அதே மாதிரியான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைப்பாதை:
டிரைவர் சொன்னது சரிதான். 1804ல நேபாளத்து கூர்க்கா படை டேராடூன் பக்கம் குர்புராவுல ராஜா பிரத்யும்ன் ஷாவ கொன்னுட்டு மொத்த கர்வாலையும் எடுத்துக்கிச்சு. 1815ல கம்பெனி படை கூர்க்காவ வெரட்டுச்சு, ஆனா மகன் சுதர்சன் ஷாவுக்கு முழுசா திருப்பிக் குடுக்கல, அலக்நந்தாவுக்கு மேக்க இருக்கறது மட்டும்தான் உனக்குன்னு ஆத்தையே எல்லையா போட்டு கிழக்கயும் டேராடூனையும் அவங்களே வெச்சுக்கிட்டாங்க. பழைய தலைநகர் ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லீங்க, கர்வால் ஸ்ரீநகர்) அந்தக் கரைல போயிருச்சு. பாவம் மனுஷன், அப்பன் பாட்டன் ஊரு எதிர்க்கரைல பிரிட்டிஷ்காரன் கைல இருக்க, இவரு பாகீரதியும் பிலங்கனாவும் கூடற எடத்துல டெஹ்ரின்னு புது ஊரு கட்டுனாரு. பத்ரிநாத்தும் பிரிட்டிஷ் பக்கம்தான், ஆனா ஜனங்க ராஜாவ "பேசும் பத்ரி"ன்னே கும்பிட்டதால கோயில் சம்பிரதாயத்துல அவரு உரிமை போகல. அந்த டெஹ்ரி ஊரும் இப்ப அணை தண்ணிக்குள்ள.

தேக்குமரம்:
தாத்தா பேச்சு எங்க வீட்லயும் உண்டு. ஆனா கொச்சி ராஜாவே வருஷம் 2 லட்சம் ரூபா வெள்ளக்காரனுக்கு கப்பம் கட்டுனவரு, மேல இருந்து பாத்துக்க ரெசிடெண்ட்னு ஒரு வெள்ளக்கார அதிகாரி வேற. டெஹ்ரில கதையே மரம்தான். 1850ல வில்சன்னு ஒரு வெள்ளக்காரரு வருஷத்துக்கு வெறும் 400 ரூபா குத்தகைக்கு தேவதாரு காட்ட எடுத்தாரு, ஹர்சில் பக்கம் வெட்டி பாகீரதில உருட்டி விட்டா ஆறே சமவெளி வரைக்கும் இழுத்துட்டுப் போயிரும், அதுல அறுத்ததுதான் ரயில்வே ஸ்லீப்பர் கட்டை. 1864ல குத்தகை முடிஞ்சதும் பிரிட்டிஷ் கவர்மெண்டே வருஷம் 10,000 ரூபாவுக்கு 20 வருஷம் எடுத்துக்கிச்சு. 400 எங்க 10,000 எங்க, காட்டோட வெல தெரிஞ்சப்புறம் ராஜாவுக்கும் அது கஜானா ஆயிருச்சு. எங்க பாட்டனார் பரம்பிக்குளத்துல இருந்து சாலக்குடிக்கு தேக்கு ஏத்துன கொச்சி டிராம்வேல கூலி வேல பாத்தவரு, அந்த மரத்துல ஒரு கட்டில்கூட வீட்டுக்கு வரலேன்னு பாட்டி சாகற வரைக்கும் சொல்லும்.

யமுனைக்கரை:
மேல சொன்னவர் விட்டத நான் சொல்றேன், ஏன்னா இத யாரும் பேசறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். மாடு மேய்க்கக்கூட காட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு டெஹ்ரி சமஸ்தானம் எல்லைக்கல் நட்டதும், யமுனைக் கரைல இருக்கற ரவாயின் பகுதி ஜனங்க தனியா பஞ்சாயத்து வெச்சாங்க. 30 மே 1930, திலாரில கூட்டம் கூடியிருக்கு, ராஜா நரேந்திர ஷா ஐரோப்பாவுல, திவான் சக்ரதர் ஜுயால் படையோட வந்து சுட வெச்சாரு. தப்பிக்க யமுனைல குதிச்சவங்களும் செத்தாங்க. சுட்டது வெள்ளக்காரன் இல்ல, நம்ம ராஜாவோட படை. அப்புறம் ராஜா ஆட்சிய எதிர்த்துப் போராடுன ஸ்ரீதேவ் சுமன், டெஹ்ரி ஜெயில்ல 84 நாள் உண்ணாவிரதம் இருந்து 25 ஜூலை 1944ல உயிர விட்டாரு, 29 வயசுகூட தாண்டல. சமஸ்தானம் இந்தியாவோட சேந்தது 1949 ஆகஸ்ட் 1.

சித்தூர்க்காரன்:
படிச்சதும் மனசு கனத்துப்போச்சுங்க. பெரியம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன், அந்த எண்ணெய்க் குடம் கதைய மட்டும்தான் இதுவரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் யமுனோத்ரி போறோம், திலாரி வழில வருமா?

யமுனைக்கரை:
பட்கோட் பக்கத்துலயே, ஆத்தங்கரைல நினைவுச்சின்னம் இருக்கு. மே 30க்கு போனீங்கன்னா ஊர்க்காரங்க பூ போட கூடியிருப்பாங்க.