அகமதாபாத் பழைய நகரில் காலை நடை: எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

கேள்வி:
அடுத்த மாதம் அலுவல் காரணமாக அகமதாபாத் செல்கிறேன். ஒரு முற்பகல் மட்டுமே எனக்கென்று மிஞ்சும் என்பதால், ‘போள்’ எனப்படும் பழைய குடியிருப்புத் தெருக்களை நடந்தே பார்க்க விரும்புகிறேன். உடன் வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சிதி சையத் மசூதியையும் இந்த நடையிலேயே சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் 1:
காலூப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து தொடங்குங்கள். 1822-இல் எழுந்த அக்கோயிலின் மரச்சிற்பங்களைப் பார்த்துவிட்டால், அதன்பின் போள்களில் காணும் வீட்டு முகப்புகளின் வேலைப்பாடு எளிதில் பிடிபடும். 1997 முதல் மாநகராட்சி ஏற்பாட்டில் நடக்கும் மரபு நடையும் அங்கேதான் தொடங்கி ஜும்மா மசூதியில் முடிகிறது. வழிகாட்டி இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு போளிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் மறைவான சந்துகள் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தென்படுவதே இல்லை. தூணின்மேல் கூண்டுபோல் செதுக்கிய ‘சபூத்ரோ’ என்னும் பறவைத் தீனிமாடங்களை நின்று பாருங்கள். யாரேனும் உள்ளே அழைத்தால், முற்றத்தின் அடியிலுள்ள ‘டாங்கா’வைக் காட்டச் சொல்லுங்கள், கூரையில் விழும் மழைநீரைக் குழாய்வழி இறக்கி, ஆண்டு முழுவதும் குடிப்பதற்குச் சேமித்த அந்த நிலத்தடித் தொட்டிதான், என் கருத்தில், அந்த வீடுகளின் மிகச் சிறந்த பகுதி.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அம்மாவை எண்ணி ஒரு திருத்தம் சொல்கிறேன். முழு வழியையும் நடக்க வேண்டியதில்லை. சந்துகள் குறுகலாக இருப்பதோடு இருசக்கர வண்டிகளும் இடைவிடாமல் வரும். போள்களை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பெருந்தெருவுக்கு வந்ததும் ஆட்டோ பிடித்து ஜும்மா மசூதிக்குச் செல்லுங்கள். 1424-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் தொழுகைக்கூடத்தில் 260 தூண்கள் உள்ளன. 1819 நிலநடுக்கத்தில் இடிந்த மினார்களின் அடிப்பகுதி இன்றும் வாயிலின் இருபுறமும் நிற்கிறது. பரந்த முற்றத்தின் ஓரத்தில் அம்மா சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம்.

பதில் 3:
சிதி சையத் மசூதி லால் தர்வாஜா பக்கம், இந்த வழிக்கு மேற்கே இருப்பதால் அதைக் கடைசியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மரமும் கொடியும் பின்னியதுபோல் செதுக்கிய அதன் கல் சாளரத்தை உள்ளிருந்து, வெளிச்சம் ஊடுருவும் திசையில் பார்ப்பதே சரி. ஜும்மா மசூதிக்கு அருகிலுள்ள மாணெக் சவுக் சந்தையின் உணவுக்கடைகள் இரவில்தான் கூடும். பகலில் அங்கே நகைக்கடைகளே இருக்கும் என்பதால் காலைச் சிற்றுண்டியை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. போள்களை வழிகாட்டியுடன் நடந்து, பிறகு ஆட்டோவில் இரண்டு மசூதிகளையும் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டோம். டாங்காவைப் பற்றிச் சொன்னதும் அம்மாவே அதைப் பார்க்க வேண்டும் என்கிறார்.