பிரையர் விருதுக்குத் தேசவழமைக் கட்டுரை அனுப்பலாமா?

ஆய்வு மாணவி:
அமெரிக்கச் சட்ட வரலாற்றுச் சங்கம் கேத்ரின் பிரையர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கு நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு அனுப்ப நினைக்கிறேன். 1707இல் டச்சு ஆட்சி தொகுப்பித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், பற்றிய ஆய்வு. அமெரிக்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏற்பார்களா? கையில் இருப்பது ஆய்வேட்டின் ஓர் இயல்தான்.

ஆவணப்பித்தன்:
சங்கத்தின் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மறைந்த பிரையர் வெல்லெஸ்லி கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். தொடக்ககால அமெரிக்கக் குடியரசின் சட்டம் அவர் துறை. போட்டியை அதற்குள் அடைக்கவில்லை. வென்றவர்கள் ஆண்டு மாநாட்டின் தனி அமர்வில் கட்டுரை வாசிப்பார்கள். மூத்த அறிஞர்கள் கருத்துரைப்பார்கள். என் கணக்கில் பரிசுப் பணத்தைவிட அதுதான் பெரிது.

பழைய வழக்கறிஞர்:
இயலை அப்படியே அனுப்பாதீர்கள், அம்மா. ‘முந்தைய இயலில் கண்டபடி’ என்று ஓரிடத்தில் வந்தாலும் நடுவர் சலித்துவிடுவார். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் (பெண்ணுக்குத் திருமணத்தில் தரும் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) மூன்றையும் விளக்கவே பாதிக் கட்டுரை போய்விடும். ஒன்றை மட்டும் பிடியுங்கள். டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதியதை 12 முதலியார்கள் (உள்ளூர்த் தமிழ்த் தலைவர்கள்) பார்த்து ஒப்புதல் தந்தார்கள் அல்லவா? வழக்கம் யாருடைய வாய்வழியே சட்டமானது என்ற கேள்வி அங்கேயே இருக்கிறது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு தந்த கதை முடிவில் இரண்டு பத்தி போதும். தேசவழமையே கேள்விப்படாதவருக்கும் முதல் பக்கம் புரிய வேண்டும்.

ஆய்வு மாணவி:
நன்றி ஐயா. முதலியார்கள் எனக்கு அடிக்குறிப்பில் கிடக்கிறார்கள்; மேலே கொண்டுவருகிறேன். சீதனத்தை வெட்டத்தான் மனம் வரவில்லை.