குடிநீர் டிரம்முக்குள் வழவழப்பு, எப்படிப் போக்குவது?

எல்லோருக்கும் வணக்கம். ஒரே மாதத்தில் என் மகளுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் கேட்டதே, "குடிக்கிற தண்ணியை எதில் ஊத்தி வைக்கிறீங்க?" என்றுதான். வீட்டுக்கு வந்ததும் டிரம்முக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வழவழவென்று ஒரு படலம். மனசே ஆறவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விடுகிறேன். ஆறியதும் இதே டிரம்மில் ஊற்றி, விரல் நனைய டம்ளரை விட்டு மொண்டால் கொதிக்க வைத்து என்ன பயன்?

சமையலறையில் சிலவற்றை மாற்றிவிட்டேன். பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுகிறோம். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்தான் இன்னும் உறுத்துகிறது, எப்போது தொட்டாலும் ஈரம்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். டிரம்மைத் தேய்த்துக் கழுவிய பிறகு பிளீச் கலந்த தண்ணீரை எவ்வளவு நேரம் நிற்க விடுகிறீர்கள்? அதன் பிறகு எத்தனை முறை அலசுவீர்கள்? அடியில் குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் குழாயின் உட்புறத்தை எப்படிச் சுத்தம் செய்வது?