புதுப்பிப்பு: சுவிட்ச் மேல் போட்ட சிலிகோன் உறை

மெக்கானிக்கல் கீபோர்டில் (ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் உள்ளது) கீகேப்புக்கும், அதாவது விசையின் மேல்மூடிக்கும், அடியிலுள்ள சுவிட்சுக்கும் நடுவே மெல்லிய சிலிகோன் உறை போட்டால் தட்டும் சுகம் கெடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "போட்டுப் பார்த்துச் சொல்" என்றீர்கள். போட்டாச்சு, மூன்று வாரம் ஆகிறது.

கெடவில்லை, ஆனால் மாறிவிட்டது. என்னுடையது செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ரக சுவிட்ச். மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ.யிலேயே எழுத்து பதிவாகிவிடும். அந்தப் பாதி வரை உறை இருப்பதே தெரியவில்லை. அதற்குக் கீழேதான் கீகேப்பின் விளிம்பு ரப்பரில் உட்கார்ந்து, 'டக்' என்பது 'தொப்'பென்று ஆகிறது. அடிமட்டம் வரை குத்தித் தட்டுகிறவன் நான், அதனால் நன்றாகவே தெரிகிறது. மென்மையாகத் தட்டுபவர்களுக்கு அவ்வளவு தெரியாது.

முதல் இரண்டு நாள் பேக்ஸ்பேஸ் சோம்பேறித்தனமாக மேலே வந்தது. கழற்றிப் பார்த்தால், உறையின் ஓட்டை ஒரு பக்கம் நகர்ந்து சுவிட்சின் தண்டை உரசிக்கொண்டிருந்தது. நேராக இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. ஸ்பேஸ்பாரில் மட்டும் என் பொறுமை போய்விட்டது. நீள விசை சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி உறையில் மாட்டிக்கொண்டே இருந்ததால் அந்தப் பகுதியைக் கத்தரித்தே எறிந்துவிட்டேன்.

தூசி உள்ளே போகவில்லை. தண்ணீர்? தண்டு வெளியே வர ஓட்டை இருக்கிறதே, முழுப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். நாலு சொட்டு தெறித்தால் தாங்கும், கோப்பையே கவிழ்ந்தால் தாங்காது. அப்புறம், விசைகளுக்கு அடியில் எரியும் விளக்கின் வெளிச்சமும் கொஞ்சம் மங்கல்தான்.

இப்போதைக்குக் கழற்றவில்லை. இரவில் சத்தம் குறைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.