மாருதி 800 கார்ப் மாடல்: பைபாஸ்ல திணறி நிக்குது, கொஞ்ச நேரம் விட்டா தானா சரியாகுது. கார்பரேட்டர் மாத்தணுமா?

சேலத்துக்காரன்

வணக்கம். 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற பாகம், சுருக்கமா கார்ப்) வச்ச வண்டி. ஒரு வருஷத்துக்கு மேல ஷெட்லயே கிடந்தது. பழைய பெட்ரோலை எடுத்துட்டு, புதுசு ஊத்தி, பேட்டரி மாத்தி ஓட்ட ஆரம்பிச்சிருக்கோம்.

காலையில ஒரே செல்ஃப்ல எடுக்குது. ஐட்லிங் சுத்தம். டவுனுக்குள்ள மெதுவா போனா பிரச்சினையே தெரியாது. பைபாஸ்ல 70 பிடிச்சு கொஞ்ச தூரம் போனாலோ, ஏற்காடு ஏறினாலோ இழுவை குறையுது, ஜெர்க் அடிக்குது, அப்புறம் அணைஞ்சிடுது. பத்து நிமிஷம் விட்டா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மெக்கானிக் கார்பை ரெண்டு தடவை கழட்டி சர்வீஸ் பண்ணிட்டார், அப்படியேதான் இருக்கு. இப்போ கார்பரேட்டரே தேஞ்சு போச்சு, மாத்திடுங்கன்றார். பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு. வேற என்ன பார்க்கணும்?

மூணுசிலிண்டர்

கார்ப் மேல கை வைக்காதீங்க சார். ஜெட் (கார்ப் உள்ள பெட்ரோல் வர்ற சின்னத் துளை) அடைச்சிருந்தா பத்து நிமிஷத்துல தானா திறந்துக்காது. சும்மா நின்னதும் சரியாகுற கோளாறுன்னா சந்தேகம் மூணு பேர் மேலதான்: பம்ப்புக்குப் பெட்ரோல் வந்து சேரலை, சூட்டுல பெட்ரோல் ஆவியாகுது, இல்லை ஸ்பார்க் தர்ற இக்னிஷன்ல ஏதோ சூடாகி வேலை செய்யாம போகுது.

மூணையும் பிரிச்சுப் பார்க்க ஒரே ஒரு நேரம்தான் உண்டு. வண்டி அணைஞ்ச அந்த நிமிஷம். ஆறின பிறகு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா எல்லாமே நல்லாத்தான் இருக்கும், மெக்கானிக்கைக் குத்தம் சொல்லிப் பயனில்லை.

அடுத்த தடவை நின்னதும் ஓரங்கட்டி, இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டுங்க. கார்ப் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டே, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா திறக்குற திராட்டிலைக் கையால ஒரு தடவை முழுசா திறங்க. ஆக்ஸிலரேட்டர் பம்ப் நல்லா இருந்தா, கார்ப் உள்ள பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோலும் இருந்தா, ஊசி மாதிரி ஒரு கோடு பளிச்சுன்னு பீச்சும். கோடு உறுதியா வந்தா பெட்ரோல் இருக்கு, பிளக்ல ஸ்பார்க் வருதான்னு பாருங்க. வெறும் காத்தோ ரெண்டு சொட்டோ வந்தா சேம்பர் காலி, குத்தம் கார்புக்குப் பெட்ரோல் வர்ற வழியில. கோடும் வந்து, உள்ள ஈரமா பெட்ரோல் நாத்தமும் தூக்கலா இருந்தா பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் ஃப்ளட் ஆகியிருக்கு. அது வேற கதை.

உங்க வண்டி டவுன்ல ஓடுது, பைபாஸ்ல நிக்குதுன்றதை வச்சு ஒரு கணக்கு. ஐட்லிங்ல இந்த எஞ்சினுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூட வேண்டாம். 70-ல போகும்போது லிட்டருக்கு 17 கிலோமீட்டர்னு வச்சாலும் மணிக்கு 4 லிட்டருக்கு மேல, அதாவது நிமிஷத்துக்கு 70 மில்லி. மலை ஏறினா இன்னும் கூட. டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற லைன் பாதி அடைச்சிருந்தாக்கூட டவுன் ஓட்டத்துக்குத் தாங்கும். பைபாஸ்ல சேம்பர் நிரம்புறதைவிடச் செலவு கூடுதலாகி, கொஞ்சம் கொஞ்சமா வத்திப்போய் நிக்கும். ஜெர்க் முதல்ல, அணையுறது அப்புறம்னு நீங்க சொன்ன வரிசை இதுக்குத்தான் பொருந்துது. இக்னிஷன்னா பெரும்பாலும் சுவிட்ச் போட்ட மாதிரி பட்டுனு போகும்.

பாயின்ட்_கேப்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் வச்சதா இருந்தா கண்டென்சரும் இக்னிஷன் காயிலும் சூட்டுல இதே மாதிரி ஏமாத்தும். நின்ன உடனே ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோட பாடியில படுற மாதிரி வச்சு செல்ஃப் அடிங்க. நீல நிறத்துல சடசடன்னு விழுந்தா ஓகே. மஞ்சளா மெலிசா விழுந்தா காயில், கண்டென்சர் பக்கம் போங்க. பெட்ரோல் சிந்தியிருந்தா மட்டும் இந்த டெஸ்ட் வேண்டாம், முதல்ல துடைச்சுக் காய விடணும்.

மலைரோடு

சிம்பிளா ஒரு எலக்ட்ரிக் பம்ப் போட்டு விட்டுடுங்க ப்ரோ. டேங்க் பக்கத்துல வச்சா, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கிற ஏர்லாக்கும் வராது, வேலை முடிஞ்சது.

மூணுசிலிண்டர்

தம்பி, அடைப்பை வச்சுக்கிட்டு எலக்ட்ரிக் பம்ப் போட்டா அந்த பம்ப்பும் அதே அடைப்பை உறிஞ்சித்தான் சாகும். இன்னொண்ணு, மெக்கானிக்கல் பம்ப் தர்ற பிரஷர் 3, 4 பி.எஸ்.ஐ. அளவுதான். கார்ப் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சுற எம்.பி.எஃப்.ஐ. வண்டி பம்ப்பைக் கொண்டு வந்து மாட்டினா 40 பி.எஸ்.ஐ. தாண்டும், சேம்பர் நிரம்பினதும் மூடுற நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டு பெட்ரோல் கார்ப் வாய் வழியா வெளியே வந்து சூடான எஞ்சின் மேல கொட்டும். கார்ப் வண்டிக்குன்னே வர்ற லோ பிரஷர் பம்ப்தான் போடணும், அதுவும் எஞ்சின் நின்னா கரண்ட் கட் ஆகுற ரிலேயோட. அது இல்லாம விபத்துல ஹோஸ் அறுந்தா பம்ப் பாட்டுக்கு பெட்ரோலை இறைச்சுக்கிட்டே இருக்கும்.

சேலத்துக்காரன்

நன்றி சார். நேத்து நின்ன உடனே பார்த்தேன். ஸ்பார்க் நீலமா நல்லா இருக்கு. கார்ப் வாயில கோடு வரலை, ரெண்டு சொட்டுதான். பம்ப்ல இருந்து கார்புக்குப் போற ஹோஸைக் கழட்டி செல்ஃப் அடிச்சா பெட்ரோல் குபுக் குபுக்னு வருது. அப்போ பம்ப் நல்லாத்தானே இருக்கு?

மூணுசிலிண்டர்

பம்ப் நல்லா இருக்கலாம். ஆனா ஹோஸ் கழட்டிப் பார்க்குற டெஸ்ட் உங்க கேள்விக்குப் பதில் சொல்லாது. செல்ஃப் சுத்துற வேகத்துல பத்து செகண்ட் குபுக்குனு வர்றதுக்கு அடைச்ச லைனே போதும். பைபாஸ் தேவையை லைன் தொடர்ந்து தாங்குதான்னு பார்க்கணும். சேம்பர் காலின்னு தெரிஞ்சாச்சு, இனி டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும்தான் தேடல்.

செலவில்லாத டெஸ்ட் முதல்ல. டேங்க் மூடியை ஒரு சுத்து லூஸ் பண்ணி ஓட்டுங்க. காத்துப் போற வழி அடைச்சிருந்தா டேங்க்குள்ள வெற்றிடம் உண்டாகி பம்ப்பால இழுக்க முடியாது. நின்னதும் மூடியைத் திறக்கும்போது 'உஸ்'னு காத்து உள்ள இழுத்தா குற்றவாளி அவன்தான்.

அதுல மாற்றம் இல்லைன்னா, பம்ப்புக்கு முன்னாடி இருக்குற ஃபில்டரைப் பாருங்க. கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஃபில்டரா மாத்திட்டு, எஞ்சினை ஓட விட்டு உள்ள கவனிங்க. வரிசையா குமிழி வந்தா டேங்க் பக்க ரப்பர் ஹோஸ்ல வெடிப்பு இருக்கு. இந்த இடத்துலதான் பலரும் ஏமாறுவாங்க: உறிஞ்சுற பக்கம் வெடிச்ச ஹோஸ்ல பெட்ரோல் கசியவே கசியாது, காத்தை மட்டும் உள்ள இழுக்கும். கீழ படுத்துப் பார்த்தா காய்ஞ்சு சுத்தமா இருக்கும். கிளிப் இருக்குற இடத்துல ஹோஸை மடக்கிப் பாருங்க, வெடிப்பு வாய் பிளக்கும். அடியில செம்பழுப்பா மாவு மாதிரி படிஞ்சா டேங்க்ல துரு.

கடைசியா ஒரு டெஸ்ட், என்னைக் கேட்டா இதுதான் முடிவு சொல்லும். பம்ப்புக்குப் பெட்ரோல் உள்ள வர்ற இன்லெட் ஹோஸைக் கழட்டி, மூடி உள்ள ஒரு உலோக கேன்ல இருந்து நேரடியா பெட்ரோல் கொடுங்க. இந்தப் பம்ப்புல மூணாவதா ஒரு ரிட்டர்ன் குழாய் உண்டு, அது டேங்குக்கே போகட்டும். வண்டியை நிறுத்தி வச்சு, பானட்டைத் திறந்தபடியே, எஞ்சினை 3000 ஆர்.பி.எம்.ல பிடிச்சு சேம்பர் வத்தாம நிக்குதான்னு பாருங்க. லோடு இல்லாததால பைபாஸ் அளவுக்குச் செலவாகாது, அதனால முதல்ல டேங்க் லைன்லயே இதே வேகத்துல பிடிச்சு, எவ்வளவு நேரத்துல திணறுதுன்னு குறிச்சுக்கிட்டு அப்புறம் கேனுக்கு மாத்துங்க. ஓடுற வண்டிக்குள்ள கேனை வச்சு ரோட்ல ஓட்டிப் பார்க்குற வேலை கூடவே கூடாது. பக்கத்துல தீயணைப்பான் இருக்கட்டும், கேன் எக்சாஸ்ட்ல இருந்து தள்ளி இருக்கட்டும். வாயால பெட்ரோல் உறிஞ்சாதீங்க, கை பம்ப் வாங்குங்க.

சேலத்துக்காரன்

மூடி லூஸ் பண்ணியும் நின்னுச்சு. புது ஃபில்டர்ல குமிழி இல்லை, ஆனா அடியில செம்பழுப்பு மாவு. டேங்க் லைன்ல 3000-ல பிடிச்சா கொஞ்ச நேரத்துல திணறுது, கேன்ல இருந்து கொடுத்தா திணறலே இல்லை. ஒர்க்‌ஷாப்ல லைனை ஏர் அடிச்சு விட்டாங்க, ரெண்டு நாள் நல்லா ஓடிட்டு மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு.

மூணுசிலிண்டர்

அப்போ டேங்க் உறிஞ்சு குழாய் நுனியில இருக்குற வலைதான். துருச் செதில் வலைக்கு வெளியே மிதந்துக்கிட்டு இருக்கும். வேகமா உறிஞ்சும்போது வந்து ஒட்டி அடைக்கும், எஞ்சின் நின்னா உறிஞ்சல் போயிடும், செதில் கழண்டு கீழ விழும். உங்க பத்து நிமிஷ மர்மம் இதுதான். ஏர் அடிச்சா வலை கொஞ்ச நேரம் சுத்தமாகும், குப்பை அதே டேங்க்லதானே கிடக்குது? ரொம்ப வேகமா அடிச்சா வலை கிழிஞ்சு குப்பை நேரா ஃபில்டருக்கு வரும்.

டேங்கை இறக்கித்தான் ஆகணும். பெட்ரோல் குறைவா இருக்கும்போது, பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு, காத்தோட்டமான இடத்துல. பெட்ரோல் அளவு காட்டுற மீட்டர் யூனிட்டைக் கழட்டித் தனியா வைங்க, ஆசிட் அதைத் தின்னுடும். முதல்ல சோப்புத் தண்ணி விட்டு பெட்ரோல் பிசினை நல்லா கழுவுங்க, எண்ணெய்ப் பசை இருந்தா ஆசிட் துருவைத் தொடாது. அப்புறம் சிட்ரிக் ஆசிட், லிட்டர் வெந்நீருக்கு 50-ல இருந்து 100 கிராம், விளிம்பு வரை நிரப்பி ஒரு ராத்திரி. மூடியை இறுக்காதீங்க, உள்ள வாயு உண்டாகும். கொட்டினதும் சமையல் சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே காய வைக்கணும். தாமதிச்சா கண் முன்னாடியே மறுபடி துரு ஏறும். முழுசா காய்ஞ்சதும் ஒரு லிட்டர் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டிடுங்க. கழுவினதும் பொடிப் பொடியா ஓட்டை தெரிஞ்சா வேற டேங்க் தேடுங்க. பெட்ரோல் டேங்குக்கு வெல்டிங் வைக்கிறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஹோஸ்_கிளிப்

டேங்க் இறக்கும்போதே ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க சார், அதுக்குன்னு தனியா இன்னொரு தடவை இறக்க முடியாது. இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 90-களோட வண்டி ரப்பர் அதுக்காகச் செஞ்சதில்லை, ஊறிப்போய் உள்பக்கம் உரியும். ஹோஸ் மேல எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க. தண்ணிக் குழாய், கேஸ் குழாயை வெட்டி மாட்டுறவங்க இருக்காங்க, பக்கத்துல நின்னு பாருங்க. பம்ப் உள்ள இருக்குற டயாஃப்ரமும் (சவ்வு) அதே ரப்பர்தான். எஞ்சின் ஆயில் அளவு பார்க்குற டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, ஆயில்ல பெட்ரோல் வாடையோ, லெவல் ஏறியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். அந்த ஆயிலோட ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், பேரிங் போயிடும். பம்ப் மாத்தும்போது பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற தடிமனான இன்சுலேட்டரைத் தூக்கிப் போடாதீங்க. பம்ப் ராட் அழுத்துற அளவு அதை வச்சுத்தான் கணக்கு, சூடு பம்ப்புக்கு ஏறாம தடுக்குறதும் அதுதான்.

பாயின்ட்_கேப்

இ20-ன்னதும் ஞாபகம் வந்துச்சு. லைன் சரியான பிறகும் லேசா திணறல் மிச்சம் இருந்தா பெட்ரோல்-காத்து கலவை லீனா, அதாவது பெட்ரோல் குறைவா இருக்கும். சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து, இ20-க்கு 13.5 கிலோ போதும். ஜெட் பழையதுன்னா எரிபொருள் 8 சதவீதம் பத்தாது. மெயின் ஜெட் துளை விட்டத்தை 4 சதவீதம் கூட்டினா பரப்பு 8 சதவீதம் கூடும், அதாவது 1 மில்லிமீட்டர் துளைன்னா 1.04, அவ்வளவுதான் தேவை. கம்பி விட்டுக் குடையாதீங்க, துளை கோணலாயிடும், அடுத்த சைஸ் ஜெட் வாங்கிப் போடுங்க. ஐட்லிங் கலவையை செட் பண்ற ஐடில் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழட்டும் முன்னாடி மெதுவா உள்ள திருகி எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் பொல்யூஷன் சென்டர்ல மீட்டர் வச்சு செட் பண்ணுங்க, உங்க வண்டிக்கு ஐட்லிங்ல புகையில சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.